ஆஸ்பத்திரிக் கணக்கைக் கேட்டு வாங்குவது எப்படி

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு என் மேசைக்கு வருவதெல்லாம் ஆஸ்பத்திரி பில்தான். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் யார் அட்மிட் ஆனாலும் டிஸ்சார்ஜ் அன்று என்னைத் தேடுவார்கள். அன்றைக்குத் தேடி என்ன செய்வது? அட்மிட் ஆவதற்கு முந்தின நாள் வந்தால் காரியம் ஆகும்.

முந்தின நாள் செய்ய வேண்டியது ஒன்றே. டாக்டரை விடுங்கள், பில்லிங் கவுன்டருக்குப் போய் உத்தேசச் செலவை எழுத்தில் கேளுங்கள். அறை வாடகையைக் கேட்டதோடு திரும்பிவிடக் கூடாது. அறை வகை மாறினால் டாக்டர் கட்டணமும் பரிசோதனைக் கட்டணமும் ஏறுமா என்று கேளுங்கள். பல இடங்களில் ஏறும். ஐசியூ தவிர்த்த அறைகளில் ஒரு நாள் வாடகை 5,000 ரூபாயைத் தாண்டினால் 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 2022 ஜூலையிலிருந்து இப்படி. காப்பீடு வைத்திருப்பவர்கள் பாலிசியில் அறை வாடகைக்கு வரம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அறையைத் தேர்ந்தெடுங்கள். வரம்பைத் தாண்டிய அறையில் படுத்தால் டாக்டர் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.

கேட்க நமக்கு என்ன உரிமை? தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனத்தில் இது இருக்கிறது: கட்டணங்களைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும், பணம் கட்டும்போது இனவாரியான பில் தர வேண்டும். மத்திய அரசின் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் 2012ஆம் வருட விதிகள் உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் கட்டணத்தை எழுதி வைக்கச் சொல்கின்றன. ஆனால் தமிழ்நாடு அந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. நமக்கு 1997ஆம் வருடச் சட்டம் தனியாக இருக்கிறது. ஆகவே கவுன்டரில் நின்று மத்தியச் சட்டத்தைக் காட்டிச் சண்டை போடாதீர்கள். சாசனத்தின் அந்தப் பக்கத்தை ஒரு பிரதி எடுத்துப் பையில் வைத்திருந்தால் போதும். குரல் உயர்த்துகிறவரைவிடக் காகிதம் நீட்டுகிறவருக்குத்தான் கவுன்டரில் மதிப்பு.

அமெரிக்காவில் 2021 ஜனவரி 1 முதல் ஆஸ்பத்திரிகள் விலைப்பட்டியலை இணையத்திலேயே போட்டாக வேண்டும். நமக்கு அந்த யோகம் இல்லை. நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எழுதுவதை என் தங்கையிடம் கற்றுக்கொள்ளலாம். மைத்துனருக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை. நான்கு நாளும் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அவள் பென்சிலால் எழுதினாள்: "காலை 6 மணி, ஒரு பாட்டில், ஊசி 2. மதியம் ஒரு பாட்டில்." டிஸ்சார்ஜ் அன்று வந்த பில்லில் "மருந்து மற்றும் உபகரணங்கள்: 23,860" என்று ஒரே வரி. பிரித்துக் கொடுங்கள் என்றேன். "சிஸ்டத்தில் இப்படித்தான் ஐயா வரும்" என்றார் பில்லிங் கவுன்டர் தம்பி. "பரவாயில்லை, இருக்கிறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடத்தில் ஏழு பக்கம் வந்தது. ஐந்தாம் பக்கத்தில் குளுக்கோஸ் பாட்டில் 14. தங்கையின் தாள்களில் 9. வார்டில் நர்ஸம்மா சார்ட்டைப் புரட்டினார்; அதிலும் 9. ஐந்து பாட்டிலுக்கான பணத்தைக் கழித்தார்கள்.

திருட்டு என்று சொல்ல மாட்டேன். வார்டுக்கு மொத்தமாக எடுத்த சரக்கு மீந்தால் மருந்தகத்துக்கு ரிட்டர்ன் போட வேண்டும், யாரோ போடவில்லை. தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்பு மூட்டைக்கும் இதே கதைதான். பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டதால் கழிந்தது. கட்டிய பிறகு கேட்டிருந்தால் "அடுத்த வாரம் வாருங்கள்" என்றிருப்பார்கள்.

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்களும் முழங்கால் மூட்டு மாற்றியவர்களும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் 2017 முதல் உச்சவரம்பு விலை இருக்கிறது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் இணையதளத்தில் இன்றைய விலையைப் பாருங்கள். ஸ்டென்ட்டின் விலை, பிராண்டு, தயாரிப்பாளர், பேட்ச் எண் எல்லாம் பில்லில் தனியாக இருக்க வேண்டும். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

பில் தகராறைச் சொல்லி நோயாளியை அனுப்ப மறுக்கக் கூடாது என்பதும் சாசனத்தில் இருக்கிறது. அட்மிட் ஆகி இருந்தவர்களுக்கு டிஸ்சார்ஜ் ஆன 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களின் நகல் தர வேண்டும்.

பேசித் தீரவில்லை என்றால் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வேலூரில் சிகிச்சை எடுத்த ஆம்பூர்க்காரர் திருப்பத்தூர் மாவட்டத்திலும், ஆரணிக்காரர் திருவண்ணாமலை மாவட்டத்திலும் போட்டுக்கொள்ளலாம். வாய்தாவுக்கு வாய்தா வேலூர் பஸ் ஏற வேண்டியதில்லை. உத்தேசச் செலவுத் தாள், முன்பண ரசீதுகள், இனவாரி பில், பென்சிலில் எழுதிய நாட்காட்டித் தாள்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்து இணையுங்கள். பென்சில் எழுத்து ஜெராக்ஸில் மங்கும். பேனாவால் எழுதச் சொல்லித் தங்கைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.