கேம் விமர்சனம் எழுதுகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடங்கள்

பிளேஸ்டேஷன் 5-க்குப் பெரிய நிறுவனம் ஒன்றின் புதிய கேமை வாங்க இந்தியாவில் 5,000 ரூபாயை ஒட்டிச் செலவாகிறது. டிஜிட்டலாக வாங்கி டவுன்லோடும் செய்துவிட்டால் பணம் திரும்பக் கிடைப்பது அரிது. அவ்வளவு பணம் போடுகிறவர், வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று விமர்சனங்களைப் படிக்கிறார் அல்லது பார்க்கிறார். தமிழில் இப்போது நிறையப் பேர் கேம்களைப் பற்றி எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். அது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அந்த வாசகருக்கு உண்மையில் தேவையான தகவல் பல விமர்சனங்களில் விடுபட்டுப் போகிறது. எதை, எந்த நிலையில், எவ்வளவு விளையாடினோம் என்பதைச் சொல்லாமல் தீர்ப்பை மட்டும் சொல்லிவிடுகிறோம். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் முளைக்கின்றன.

எந்த மெஷினில் விளையாடினீர்கள்?

இதற்கு சைபர்பங்க் 2077-ஐ விட நல்ல பாடம் கிடையாது. 2020 டிசம்பர் 10 அன்று கேம் வெளியானது. அதற்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது பிசி பதிப்பு மட்டுமே. தாங்களே பதிவு செய்த காட்சிகளை முதல் விமர்சனங்களில் காட்டவும் அனுமதி இல்லை. நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் போட வேண்டும். விமர்சனங்களில் பாராட்டு குவிந்தது. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருந்தவர்கள் அதை நம்பி வாங்கினார்கள். அவர்கள் கைக்கு வந்ததோ திணறித் திணறி ஓடுகிற, அடிக்கடி நின்றுபோகிற ஒரு கேம். வெளியான பத்து நாட்களுக்குள் சோனி தன் ஸ்டோரிலிருந்தே அதை எடுத்துவிட்டது. 2021 ஜூன் மாதம்தான் திரும்ப வந்தது.

பிசியில் பார்த்ததை எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. "நான் கன்சோலில் இதைப் பார்க்கவே இல்லை" என்ற ஒரு வரி தலைப்புக்குக் கீழேயே பெரிதாக இருந்திருந்தால் பலருடைய பணம் தப்பியிருக்கும். நிறுவனம் எதைக் காட்டக் கூடாது என்று நிபந்தனை போடுகிறதோ, அந்த நிபந்தனையும் வாசகருக்குத் தெரிய வேண்டிய தகவல்தான்.

இன்று "கன்சோல்" என்று பொதுவாகச் சொன்னால் அதுவும் போதாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் இரண்டுக்கும் திறனில் பெரிய வித்தியாசம் உண்டு. பால்டர்ஸ் கேட் 3, பிளேஸ்டேஷன் 5-இல் 2023 செப்டம்பரில் வந்தது. எக்ஸ்பாக்ஸில் டிசம்பரில்தான் வந்தது. சீரிஸ் எஸ்-இல் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதியைச் சரியாக ஓட வைக்க முடியாததுதான் தாமதத்துக்கு முக்கியக் காரணம். கடைசியில் அந்த வசதி இல்லாமலே சீரிஸ் எஸ் பதிப்பு வெளியானது. பிளேஸ்டேஷன் 5 புரோ, ஸ்விட்ச் 2-ஐ டிவியில் மாட்டி ஆடுவது, கையில் வைத்து ஆடுவது என்று ஒவ்வொன்றிலும் அனுபவம் மாறும். எந்த மெஷின், குவாலிட்டி மோடா (படத் தரத்துக்கு முன்னுரிமை) பெர்ஃபார்மன்ஸ் மோடா (வேகத்துக்கு முன்னுரிமை), எந்த பேட்ச் (வெளியான பிறகு வரும் திருத்தம்) எண் என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதிவிடலாம்.

அப்புறம் டிவி. பலர் கவனிக்காத விஷயம் இது. படத்தை வழவழப்பாக்கும் மோஷன் வசதிகள் ஆன் ஆகியிருந்தால், பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அது நடப்பதற்கும் இடையே தாமதம் கூடும். பிறகு "கன்ட்ரோல் சரியில்லை" என்று கேமின் மேல் பழி விழும். டிவியில் கேம் மோடைப் போட்டுவிட்டு அதே இடத்தை இன்னொரு முறை ஆடிப் பார்க்காமல் கன்ட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதக் கூடாது என்பது என் கருத்து.

பாதியில் நிறுத்திவிட்டு முழுதாகப் பேசுவது

எல்லா கேமையும் முடித்துத்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நூறு மணி நேரம் போகும் ஆர்பிஜியை (ஒரு கதாபாத்திரத்தை வளர்த்துக்கொண்டே நீண்ட கதையில் போகும் கேமை) வேலைக்குப் போய்க்கொண்டே வெளியீட்டு வாரத்தில் முடிக்க யாராலும் ஆகாது. ஆனால் எங்கே நிறுத்தினோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். பால்டர்ஸ் கேட் 3-இன் முதல் பகுதி பிரமாதமாக ஓடும். மூன்றாம் பகுதியில் பெரிய நகரத்துக்குள் நுழைந்த பிறகுதான் ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கு) சரிவும் பக்ஸும் (பிழைகளும்) அதிகம் தெரிந்தன. இருபது மணி நேரத்தில் நிறுத்தியவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. 2017-இல் வந்த நியர்: ஆட்டோமேட்டா இன்னும் கடினமான கேஸ்: முதல் முறை கிரெடிட்ஸ் (உழைத்தவர்களின் பெயர்ப் பட்டியல்) ஓடும்போது, கதையின் முக்கியமான பகுதி இன்னும் தொடங்கியே இருக்காது.

2025 செப்டம்பர் 4 அன்று ஹாலோ நைட்: சில்க்ஸாங் வந்தபோது, அதை உருவாக்கிய ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி யாருக்கும் முன்கூட்டியே கோடு (கேமை இலவசமாக இறக்கிக்கொள்ள உதவும் குறியீடு) அனுப்பவில்லை. விமர்சகரும் வாசகரும் ஒரே நாளில்தான் ஆடத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட சமயத்தில் "இது முதற்கட்டக் கருத்து, இத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறேன், முழு விமர்சனம் பிறகு வரும்" என்று எழுதுவது நேர்மையான வழி. அவசரப்பட்டு எழுதியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் வந்தது. சில நாட்களிலேயே வந்த பேட்ச், ஆரம்பப் பகுதியின் சில பாஸ்களை (பலம் வாய்ந்த முக்கிய எதிரிகளை) கொஞ்சம் எளிதாக்கியது. முதல் நாளில் எழுதிய புகார்களில் சில அதோடு பழசாகிவிட்டன.

எல்லா வகைக்கும் ஒரே அளவுகோல்

கிராஃபிக்ஸ், சவுண்ட், கதை, கேம்ப்ளே, மொத்த மதிப்பெண் என்று ஐந்து கட்டம் போட்டு நிரப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம், ஏனென்றால் விமர்சகரின் உழைப்பு முழுவதும் இதில் வீணாகிவிடுகிறது. ஒவ்வொரு வகை கேமும் ஆடுகிறவருக்கு வேறு வேறு விஷயத்தைத் தருவதாகச் சொல்கிறது. அதைத் தந்ததா என்றுதான் பார்க்க வேண்டும்.

ஃபைட்டிங் கேமை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் நொடிக்கு 60 ஃப்ரேம். ஒவ்வொரு அடியும் ஃப்ரேம் கணக்கில்தான் அளக்கப்படுகிறது. டிரைவ் இம்பாக்ட் என்ற பலத்த அடி வெளிப்பட 26 ஃப்ரேம் ஆகும், அதாவது அரை நொடிக்கும் குறைவு. அதைப் பார்த்து எதிர்வினை செய்ய முடிவதும் முடியாமல் போவதும்தான் அந்த கேமின் உயிர். ஆகவே ஆன்லைனில் இணைப்பு எப்படி இருக்கிறது, தோற்றபோது ஏன் தோற்றோம் என்று பழகும் பகுதி புரிய வைக்கிறதா என்பதை எழுத வேண்டும். மாடர்ன் என்ற எளிய கன்ட்ரோல் முறையில் ஒரே பட்டனில் ஸ்பெஷல் அடி வரும், அப்படி அடித்தால் சேதம் 20 சதவீதம் குறையும். இந்த ஏற்பாடு புதியவருக்குப் போதுமா, பழகியவரோடு மோத அது இடம் கொடுக்கிறதா? இதையெல்லாம் விட்டுவிட்டு வேர்ல்ட் டூர் என்ற கதைப் பகுதியில் மட்டும் எட்டு மணி நேரம் செலவழித்து "கதை சுமார்" என்று முடித்தால், அந்த கேமை வாங்க நினைக்கிறவருக்கு எந்தப் பயனும் இல்லை.

ஆஸ்ட்ரோ பாட் மாதிரியான பிளாட்ஃபார்மரில் (தாவிக் குதித்துக் கடக்கும் வகை கேமில்) கதை கொஞ்சமாக இருப்பது குறையே அல்ல. குதிக்கும்போது கட்டுப்பாடு எப்படி இருக்கிறது, ஒவ்வொரு லெவலும் புதிதாக ஏதாவது தருகிறதா, கன்ட்ரோலரின் அதிர்வு விளையாட்டோடு ஒட்டுகிறதா, அலங்காரமாக நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். ஸ்ப்ளிட் ஃபிக்ஷன் இருவர் சேர்ந்து மட்டுமே ஆடக்கூடியது. அதில் யாரோடு ஆடினீர்கள் என்பதே பாதி விமர்சனம். தினமும் கேம் ஆடும் நண்பரோடு ஆடுவதும் கன்ட்ரோலரையே தொடாத அண்ணியோடு ஆடுவதும் இரண்டு வெவ்வேறு அனுபவங்கள். ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் ஃப்ரெண்ட்ஸ் பாஸ் மூலம் இலவசமாகச் சேரலாம் என்பதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள். வருடா வருடம் வரும் கால்பந்து கேமில் போன வருடப் பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

மணி நேரத்தைப் பணத்தால் வகுப்பது

2023 ஜூலை 31 அன்று ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், பிசி எல்லாவற்றிலும் வந்தது வெண்பா. டொரண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி, புட்டு என்று சமைப்பதுதான் விளையாட்டு. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். "இவ்வளவு சின்ன கேமுக்கு இவ்வளவு விலையா?" என்று கேட்டவர்கள் உண்டு. நீளத்தைச் சொல்வது விமர்சகரின் கடமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் நீளத்தையே குறையாக வைப்பது வேறு. அந்தக் கதைக்கு அந்த நேரம் போதுமா, முடிவு அவசரமாக வந்ததா என்று பேசினால் அதில் பொருள் இருக்கிறது. நூறு மணி நேர ஓப்பன் வேர்ல்டில் (விருப்பம்போல் சுற்றித் திரியும் வகை கேமில்) ஐம்பது மணி நேரம் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தால், அந்த ஐம்பதும் கேமுக்குச் சேர்ந்த பெருமையாகிவிடாது.

தமிழர்களான நமக்கு வெண்பாவில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நம் வீட்டுச் சமையலறையைத் திரையில் பார்க்கும் நெகிழ்ச்சி இருக்கிறதே, அது உண்மையானது, எழுத வேண்டியது. அதோடு நிறுத்திவிடக் கூடாது. சமையல் புதிர்கள் யோசிக்க வைக்கின்றனவா, பாதியில் கைவிட்டது போல் ஏதாவது உறவு தோன்றுகிறதா என்று மற்ற கேமிடம் கேட்கும் கேள்விகளை இதனிடமும் கேட்க வேண்டும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கிய படைப்பு அது. சலுகை அதற்குத் தேவையில்லை.

கடினம் என்பதை எப்படி எழுதுவது

எல்டன் ரிங்கின் விரிவாக்கமான ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ 2024 ஜூனில் வந்தபோது, அடி தாங்க முடியவில்லை என்று பெரிய புகார் எழுந்தது. அந்த நிலப்பகுதிக்கென்றே தனியாக ஒரு பலமேற்றும் முறை உண்டு. ஸ்கேடுட்ரீ துண்டுகளைத் தேடி எடுத்தால்தான் கதாபாத்திரம் தாக்குப்பிடிக்கும். அதைத் தேடாமலே பாஸிடம் போய் மோதி, கேமைக் குறை சொன்னவர்கள் பலர். இங்கே இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த முறையைப் பயன்படுத்தினேனா என்று விமர்சகர் சொல்ல வேண்டும். அதன் முக்கியத்துவத்தை கேம் தெளிவாக உணர்த்தியதா என்றும் கேட்க வேண்டும். அதே மாதிரி க்ளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33-இல் எதிரியின் அடியைச் சரியான நொடியில் தடுக்க வேண்டும். ஸ்டோரி என்ற எளிய நிலையில் அந்த நேரம் தாராளமாக இருக்கும், எக்ஸ்பர்ட்டில் இறுக்கமாக இருக்கும். எந்த நிலையில் ஆடினோம் என்று சொல்லாமல் "சுலபம்" என்றோ "கஷ்டம்" என்றோ எழுதினால் அந்த வார்த்தைக்குப் பொருளே இல்லை.

எக்ஸ்பெடிஷன் 33-ஐப் பேசும்போது இன்னொன்று. "முப்பது பேர் மட்டும் செய்த கேம்" என்ற வரி எல்லா இடத்திலும் சுற்றியது. பிரான்சின் சாண்ட்ஃபால் சிறிய குழுதான், அவர்கள் செய்தது பெரிய சாதனைதான். ஆனால் கிரெடிட்ஸைப் பொறுமையாகப் பார்த்தால் வெளியிலிருந்து அனிமேஷன் செய்தவர்கள், இசைக் கலைஞர்கள், சோதனை செய்தவர்கள் என்று இன்னும் நிறையப் பெயர்கள் வரும். விளம்பரத்தில் வரும் அழகான கதையைச் சரிபார்க்காமல் எடுத்துப் போட்டால், உழைத்த அத்தனை பேரும் காணாமல் போய்விடுகிறார்கள்.

விமர்சனத்துக்குப் பிறகு மாறும் கேம்கள்

கிரான் டூரிஸ்மோ 7 வெளியானது 2022 மார்ச் 4. நல்ல பாராட்டு. இரண்டே வாரத்தில் வந்த ஒரு அப்டேட், பல பந்தயங்களில் ஜெயித்தால் கிடைக்கும் கிரெடிட்டை (கேமுக்குள் செல்லும் பணத்தை) குறைத்தது. அதாவது விலை உயர்ந்த கார் வேண்டுமென்றால் இன்னும் அதிக நேரம் ஓட்ட வேண்டும், இல்லை சொந்தப் பணத்தைப் போட வேண்டும். அதே சமயத்தில் சர்வர் ஒரு நாளுக்கும் மேல் முடங்கியது. தனியாக ஆடுவதற்கே பெரும்பாலும் இணைய இணைப்பு தேவைப்படும் கேம் என்பதால், காசு கொடுத்து வாங்கியவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு எல்லோருக்கும் பத்து லட்சம் கிரெடிட் கொடுத்தது. டெக்கன் 8 என்ற ஃபைட்டிங் கேமிலும் கதாபாத்திரங்களுக்கு உடைகள் விற்கும் கடை, கேம் வெளியாகி ஒரு மாதம் போன பிறகுதான் திறந்தது. ஆக முதல் வார விமர்சனங்களில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்க முடியாது.

ஆன்லைன் கேமில் இதே பிரச்சினை வேறு விதமாக வரும். வெளியீட்டுக்கு முன் காலியான சர்வரில் ஆடிவிட்டு "இணைப்பு அருமை" என்று எழுதுவார்கள். ஹெல்டைவர்ஸ் 2 வந்த 2024 பிப்ரவரியில் கூட்டம் தாங்காமல் வாங்கியவர்கள் உள்ளே நுழையவே காத்துக் கிடந்தார்கள்.

இதற்கு விமர்சகர் என்ன செய்ய முடியும்? கேமுக்குள் பணம் செலவழிக்கும் வழி இருக்கிறதா, இணைப்பு இல்லாமல் எது ஓடும், கடை இன்னும் திறக்கவில்லையா என்று குறித்து வைக்கலாம். பெரிய மாற்றம் வந்தால் பழைய விமர்சனத்தின் மேலேயே தேதியோடு ஒரு பத்தி சேர்க்கலாம். பழைய வரிகளைச் சத்தமில்லாமல் மாற்றக் கூடாது. இலவசமாகக் கோடு கிடைத்திருந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த வழிகாட்டுதல்களும் இலவசமாகப் பெற்ற பொருளை வெளிப்படையாகச் சொல்லத்தான் கேட்கின்றன.

மதிப்பெண்

பத்துக்கு ஏழு என்றால் மோசம், ஒன்பதுக்குக் கீழே வாங்கக் கூடாது என்ற நிலைக்கு வந்துவிட்டோம். அந்த எண்ணுக்குப் பின்னால் மனிதர்களின் சம்பளமும் இருந்திருக்கிறது. 2010-இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகஸை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு, பல விமர்சனங்களின் மதிப்பெண்களைச் சராசரியாக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. ஒரே ஒரு புள்ளி.

எண் போடுவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். போடுவதாக இருந்தால் உங்கள் அளவுகோலில் 5, 7, 9 ஆகியவற்றுக்கு என்ன பொருள் என்று ஓரிடத்தில் எழுதி வையுங்கள். ஒரு ரேசிங் கேமின் 8-ஐயும் ஆர்பிஜியின் 8-ஐயும் பக்கத்தில் வைத்து எது சிறந்தது என்று கேட்காதீர்கள். எண்ணுக்குக் கீழே, இதை யார் வாங்கலாம், யார் விலை குறையும் வரை காத்திருக்கலாம், யாருக்கு இது வேண்டவே வேண்டாம் என்று மூன்று வரி எழுதினால், அந்த 5,000 ரூபாயைக் கையில் வைத்திருப்பவர் முதலில் படிப்பது அந்த மூன்று வரியைத்தான்.