ஜெப விண்ணப்பமும் ஊர்ப்பேச்சும்: வீட்டு ஜெபக் குழுக்களில் தவிர்க்க வேண்டியவை

சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் என்று வேலூரில் எந்தப் பக்கம் போனாலும், வாரத்தில் ஒரு சாயங்காலம் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே எட்டுப் பத்துப் பேர் பாயில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பார்கள். நான் போய்வந்த மூன்று குழுக்களில் இரண்டு இப்போது இல்லை. விசுவாசம் குறைந்து கலையவில்லை. ஒன்றை வாய் கலைத்தது, இன்னொன்றைப் பணம் கலைத்தது.

முதல் குழுவில் ஓர் அக்கா, மகள் புகுந்த வீட்டில் படும் பாட்டைச் சொல்லி அழுதார். ஞாயிறு ஆராதனை முடிந்து அவர் வாசலுக்கு வருவதற்குள் நான்கு பேர் அதை விசாரித்துவிட்டார்கள். விஷயத்தைப் பரப்பியவரிடம் கேட்டால், “ஜெபிக்கத்தானே சொன்னேன்” என்ற பதில். அந்த அக்கா அப்புறம் வரவேயில்லை. யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது, ஊருக்கு அறிக்கை விடச் சொல்லவில்லை.

அதனால் சொன்னவரிடமே கேட்டுவிடுங்கள்: “இதை வெளியே சொல்லலாமா?” வேண்டாம் என்றால் போதகரிடம்கூடச் சொல்ல வேண்டாம். யாராவது ஒருவரின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கதை வேறு. வாட்ஸ்அப்பில் பெயரைப் போடாமல் “பிள்ளைக்காகக் காத்திருக்கும் ஒரு சகோதரி” என்று எழுதிவிட்டால் மறைத்தாயிற்று என்று நினைக்கிறோம். பத்துப் பேர் உள்ள குழுவில் அது யாரென்று தெரியாதா என்ன?

அடுத்தது பணம். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1742இல் ஜான் வெஸ்லி என்ற போதகரைப் பின்பற்றிய மெதடிஸ்டுகள் சுமார் 12 பேர் கொண்ட ‘வகுப்பு’ எனும் சிறு குழுக்களாகப் பிரிந்தது தங்கள் கூடுமிடத்தின் கட்டடக் கடனை அடைக்கத்தான். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்கள் அங்கிருந்த கஷ்டநஷ்டங்களைப் பார்த்தார்கள், வசூல் ஏற்பாடு ஒருவரையொருவர் விசாரிக்கும் கூட்டமாக மாறியது. நம் ஊரில் இது தலைகீழ். விசாரிக்கக் கூடுகிறோம், ஆறே மாதத்தில் யாராவது சீட்டு ஆரம்பிக்கிறார்கள். எங்கள் இரண்டாவது குழுவில் சீட்டு எடுத்தவர் தவணை கட்டவில்லை, கட்டாதவரும் வரவில்லை, கேட்க வெட்கப்பட்டவர்களும் வரவில்லை. கஷ்டப்படுகிறவருக்குக் கொடுப்பதென்றால் திரும்பி வராது என்று நினைத்துக் கொடுங்கள். கடனும் சீட்டும் ஜெபப் பாய்க்கு வெளியே இருக்கட்டும்.

வேலூருக்கென்றே ஒரு தவறு உண்டு. ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சிகிச்சை, சிஎம்சி என்ற பெரிய மருத்துவமனையாக வளர்ந்து நிற்கும் ஊர் இது. இங்கேயே “மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசியுங்கள்” என்று சர்க்கரைக்காரரிடம் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம்தான் வரும். பவுலோடு கூட இருந்த லூக்காவே வைத்தியர். குணமாகாதவரிடம் “உங்கள் விசுவாசம் போதவில்லை” என்பது அதைவிடக் கொடுமை. அவரோடு ஓ.பி.யில் போய் உட்கார்ந்தால் அதுவே பெரிய உதவி.

வேத வாசிப்புக்கு வருவோம். புது வருஷத்து வாக்குத்தத்த அட்டையைப் போல ஆளுக்கு ஒரு வசனம் உருவிப் பேசுவது நமக்குப் பழகிவிட்டது. கர்த்தர் நம்மேல் நினைத்திருப்பது சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்னும் எரேமியா 29:11 இல்லாத வீடு உண்டா? அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள்: பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் என்று இருக்கிறது. வேலை கிடைக்காத பையனிடம் பதினோராம் வசனத்தை மட்டும் நீட்டினால் மூன்றாம் மாதம் அவன் என்ன நினைப்பான்? முழு அதிகாரமாக வாசிப்பது நல்லது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பிலேமோன் சரியாக இருக்கும். மொத்தமே 25 வசனம், அதுவும் ஒரு வீட்டில் கூடிய சபைக்குப் போன கடிதம்.

அப்புறம் சாப்பாடு. முதல் வாரம் டீ, பிஸ்கட். நான்காவது வீட்டில் கேசரி, பஜ்ஜி. எட்டாவது வீட்டில் பிரியாணி. ஒன்பதாவது வீட்டுக்காரர் “எங்கள் வீட்டில் இடம் பத்தாது” என்பார். இடம் இருக்கும், பிரியாணிக்குத்தான் காசு இருக்காது. இப்போதைய குழுவில் டீயும் சுண்டலும் மட்டும் என்று முதலிலேயே பேசிவைத்திருக்கிறோம். கிறிஸ்துமஸ் வாரம் மட்டும் யாரும் யாரையும் தடுப்பதில்லை.