பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ்: எங்கே சறுக்குகிறோம்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து, பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்குப் பழைய லேப்டாப்புகள் அடிக்கடி வந்து சேர்கின்றன. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ்; அதில் பல வகைகள் உண்டு. கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்த லினக்ஸ் நல்லது?" பெண் பார்க்கும் முன்பே மண்டபம் பிடிக்கிற கதை இது. லேப்டாப்பில் மெமரி எவ்வளவு, அதை வைத்து என்ன வேலை நடக்கிறது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

வீரவநல்லூர்ப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியின் கதை இதற்கு நல்ல சாட்சி. கல்லூரியில் படிக்கும் அவருடைய மருமகன் காலி லினக்ஸை நிறுவிக் கொடுத்திருந்தான். கணினிப் பாதுகாப்பைச் சோதிக்கிறவர்களுக்காகச் செய்யப்பட்டது அது. கோயில் கொடை நோட்டீஸ் அடிக்கும் கடைக்கு அங்கே என்ன வேலை? நிறுவும்போது 'வட்டு முழுவதையும் அழி' என்பதை அழுத்தியதில் பெயருக்கேற்ப வட்டும் காலியானது. நல்லவேளை, பழைய நோட்டீஸ்கள் பென் டிரைவில் இருந்தன.

ஆனால் அவற்றைத் திறந்தபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. 'அம்மன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, டி, இன்னோர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு அது. இன்று கணினிகள் பொதுவாகப் பின்பற்றும் யூனிகோடு எழுத்து முறைக்கு முந்தையது பாமினி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருக்கும். எழுத்துரு இல்லையென்றால் ஆங்கிலக் குப்பைதான் மிஞ்சும். விண்டோஸை அழிப்பதற்கு முன்பே அதன் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து தேவையான எழுத்துருக்களை எடுத்து வைத்திருந்தால், லினக்ஸில் அவற்றைத் திறந்து நிறுவிக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளில் தமிழ் திரும்பிவிடும். அண்ணாச்சி எழுத்துருவை வேறொரு கணினியிலிருந்து வாங்கி வந்தார். லினக்ஸுக்கென வராத பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளை விட்டு நகர முடியாதவர் என்றால் லினக்ஸே வேண்டாம் என்பேன். அந்த லேப்டாப்பை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு விண்டோஸிலேயே ஓட்டுவது மேல்.

அடுத்த தவறு, லேப்டாப்பின் செயலி (சிப்) பழைய 32 பிட் வகையா, புதிய 64 பிட் வகையா என்பதைத் தப்பாகக் கணிப்பது. 32 பிட் விண்டோஸ் இருந்ததால் லேப்டாப்பும் 32 பிட்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். கோர் 2 டுயோ சிப்பே 64 பிட்தான். விண்டோஸ் 10-இன் சிஸ்டம் பக்கத்தில் '32 பிட் இயங்குதளம், எக்ஸ்64 செயலி' என்று இருந்தால் 64 பிட் லினக்ஸ் தாராளமாக ஓடும். உண்மையிலேயே 32 பிட் என்றால் வழி குறுகிவிட்டது. லினக்ஸ் வகைகளில் பிரபலமான உபுண்டு 2017-லேயே அதன் டெஸ்க்டாப் பதிப்பில் 32 பிட்டை நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த, இன்னொரு லினக்ஸ் வகையான டெபியன் 13-இலும் 32 பிட் நிறுவி கிடையாது.

'மிக மிக இலேசானது எது' என்று துரத்துவதும் வீண். பப்பி லினக்ஸ் போட்டுப் பெருமைப்படலாம்தான். ஆனால் மெமரியைத் தின்பது லினக்ஸின் டெஸ்க்டாப் திரைச்சூழலைவிடப் பிரவுசர்தான். அரசு மாணவர்களுக்குக் கொடுத்த பழைய 2 ஜிபி மெமரி லேப்டாப் என்றால் உபுண்டுவின் இலேசான வடிவமான லுபுண்டு, 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான பதிப்பு. இதற்கு மேல் நான் யோசிப்பதில்லை. தேடலில் மூன்று நாள் போக்குவதற்குப் பதில் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான சேமிப்பகமான 2.5 அங்குல எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் எந்த லினக்ஸும் வேகம் காட்டும்.

பென் டிரைவிலிருந்து லைவாக, அதாவது வட்டைத் தொடாமல், ஓட்டிப் பார்க்காமல் நிறுவவே கூடாது. வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா என்று பாருங்கள். பிராட்காம் வைஃபை சிப்புகள் சிலவற்றுக்கு டிரைவரை (சிப்பை இயக்கும் மென்பொருளை) தனியாக நிறுவ வேண்டியிருக்கும். அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அதே டிரைவர் வேண்டும்! கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (கைப்பேசியின் இணையத்தைப் பகிர்வது) போட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும். கடைக்காரர் என்றால் பிரிண்டரையும் அப்போதே சொருகி ஒரு தாள் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, எங்கள் பக்கத்துக்கே உரியது. பழைய லேப்டாப்பின் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும். ஆடிக் காற்று அடிக்கும் நாளில் நிறுவிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், பாதி எழுதிய வட்டோடு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அண்ணாச்சி லேப்டாப்புக்கு மின்ட் போட்ட அன்று இரண்டு முறை மின்சாரம் போனது. ஜெராக்ஸ் மெஷின் நின்றது. கடை யுபிஎஸ்ஸில் சொருகியிருந்த லேப்டாப் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.