பழைய கணினியை வீட்டு நெட்வொர்க் பிரிண்டருடன் இணைக்கும் முறை

குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் பக்கங்களில் நான் பார்த்த வீடுகளில், பழைய கணினி மேசையை விட்டு இறங்காமல் இருப்பதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமன்று. பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் தட்டிச் சேர்த்த திருமண அழைப்பிதழ்களும், பங்கு ஆலய அறிவிப்புகளும், சங்கத்துக் கணக்குகளும் அதில்தான் இருக்கின்றன. சில வீடுகளில் 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த கணினி, விண்டோஸ் 7 ஸ்டார்டருடன் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டுக்கு ஒரு புதிய வைஃபை பிரிண்டர் வந்து சேரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. என் மாமா கேட்டதும் இதைத்தான்: "மக்ளே, போன்ல இருந்து அடிச்சா வருது, கம்ப்யூட்டர்ல இருந்து அடிச்சா மட்டும் ஏன் வரமாட்டேங்குது?"

போன் பிரிண்டரைத் தானே தேடிக் கண்டுபிடிக்கிறது. அதற்குத் தனி டிரைவரும், அதாவது பிரிண்டரோடு பேசுவதற்கான மென்பொருளும், பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. பழைய விண்டோஸுக்கு அந்த வசதி அரைகுறையாகவே உண்டு. ஆகவே பழைய கணினியைத் தேடவிடக் கூடாது; பிரிண்டர் எங்கே இருக்கிறது என்பதை நாமே அதற்குச் சொல்லிவிட வேண்டும். முதலில் பிரிண்டருக்கு மாறாத ஒரு முகவரி, அடுத்து அந்த முகவரிக்குக் கணினியால் போய்ச் சேர முடிகிறதா என்ற சோதனை, அதன் பிறகே டிரைவர். இந்த வரிசையை மாற்றி, பெட்டியோடு வந்த குறுந்தகட்டைப் போட்டுவிட்டு ஆரம்பிப்பவர்களே அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

அதற்கும் முன்பாக, பிரிண்டரில் நெட்வொர்க் வசதி இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வைஃபை அடையாளமோ, பின்புறம் லேன் கம்பி சொருகும் துளையோ இருக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் பரவலாகக் காணப்படும் கேனான் எல்பிபி 2900 போன்றவற்றில் யூஎஸ்பி மட்டுமே உண்டு. கீழே சொல்லும் முறை அவற்றுக்குப் பொருந்தாது.

கணினியும் பிரிண்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், தவறு நிகழ்வதும் அங்கேதான். விருந்தினருக்கென்று தனியாக இருக்கும் கெஸ்ட் வைஃபையில் பிரிண்டரைச் சேர்த்துவிட்டால், அந்த நெட்வொர்க் தன்னிடம் உள்ள கருவிகளை வீட்டின் மற்ற கருவிகளோடு பேசவிடாது. இன்னொன்று, மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று வாங்கி வைத்த இரண்டாவது ரவுட்டர். ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டி 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையும், மாடியில் உள்ளது 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளையும் கொடுக்குமானால், ஒரே வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க்குகள் இருக்கின்றன என்று பொருள். இரண்டாவது ரவுட்டரை, தானாக முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

பழைய கணினிக்கு நான் வைஃபையைப் பரிந்துரைப்பதில்லை. அதன் வைஃபை அட்டை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறிந்ததாக இருக்கக்கூடும். ரவுட்டரில் டபிள்யூபிஏ3 என்ற புதிய வகை வைஃபை பாதுகாப்பை மட்டும் வைத்திருந்தால் விண்டோஸ் 7ஆல் அதில் நுழைய முடியாது. விண்டோஸ் எக்ஸ்பியாக இருந்தால் அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2க்கே சர்வீஸ் பேக் 3 இருப்பது நல்லது. ஒரு லேன் கம்பியை ரவுட்டரிலிருந்து கணினிக்கு இழுத்துவிட்டால் இத்தனை கேள்விகளும் எழுவதில்லை. 100 மீட்டர் வரை அந்தக் கம்பி தாங்கும். எந்த வீட்டுக்கும் அது போதும். கணினி கம்பியிலும் பிரிண்டர் வைஃபையிலும் இருப்பதில் தவறேதும் இல்லை, ரவுட்டர் ஒன்றாக இருந்தால் சரி. கம்பி இழுக்க வழியில்லாதவர்கள் ரவுட்டரின் பாதுகாப்பை டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு நிலையில் வைக்கலாம்.

இனி முகவரி. பிரிண்டரின் மெனுவிலோ பொத்தான் வழியாகவோ நெட்வொர்க் விவரத் தாளை அச்சிட்டுக்கொள்ளுங்கள். அதில் ஐபி முகவரி, எடுத்துக்காட்டாக 192.168.1.7 என்று இருக்கும். அதனருகே மேக் முகவரி என்ற பன்னிரண்டு எழுத்துகளும் எண்களும் கலந்த அடையாளமும் இருக்கும். ஐபி முகவரி ரவுட்டர் தற்காலிகமாகக் கொடுத்தது. மேக் முகவரி பிரிண்டரோடு பிறந்தது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே கொட்டுகின்ற நம் மாவட்டத்தில், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் ரவுட்டர் புதிதாக எழுந்து, யாருக்கு எந்த முகவரியைக் கொடுத்தோம் என்பதை மறந்துவிட்டு, நேற்றுப் பிரிண்டருக்குக் கொடுத்த எண்ணை இன்று யாருடைய போனுக்காவது கொடுத்துவிடக்கூடும். "நேற்று வரைக்கும் அடித்தது, இன்று அடிக்கவில்லை" என்ற புகாரின் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கிறது.

இதற்கான தீர்வு ரவுட்டரிலேயே உண்டு. உலாவியில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டி ரவுட்டரின் பக்கத்துக்குள் நுழைந்து, முகவரிகளை வழங்கும் டிஹெச்சிபி பகுதியில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்றோ ஸ்டாட்டிக் லீஸ் என்றோ இருப்பதைத் தேடி, பிரிண்டரின் மேக் முகவரிக்கு எதிரே ஓர் ஐபி முகவரியை எழுதிச் சேமித்துவிடுங்கள். பிறகு பிரிண்டரை ஒரு முறை அணைத்துப் போட்டால் அந்த முகவரியையே பெற்றுக்கொள்ளும். ரவுட்டரில் இந்த வசதி இல்லையென்றால் பிரிண்டரின் சொந்த அமைப்பிலேயே முகவரியை நிலையாக எழுதலாம். ஆனால் ரவுட்டர் மற்றவர்களுக்கு வழங்கும் எண்களின் எல்லைக்கு வெளியே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரவுட்டர் 2 முதல் 100 வரை கொடுக்கிறதென்றால் 192.168.1.200 பாதுகாப்பானது. அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பிரிண்டரின் பக்கவாட்டில் ஒட்டிவைத்தால், அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

அடுத்தது சோதனை. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தித் தேடும் இடத்தில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்தினால் கறுப்புத் திரை ஒன்று திறக்கும். எக்ஸ்பியில் அதை ரன் பெட்டிக்குள் தட்ட வேண்டும். அதில் பி, ஐ, என், ஜி என்று தட்டி, ஓர் இடம் விட்டு, பிரிண்டரின் முகவரியைத் தட்டி என்டர் அழுத்துங்கள். நான்கு வரிகளில் பிரிண்டரின் முகவரியும் மில்லி விநாடிக் கணக்கும் வந்தால் பாதை திறந்திருக்கிறது. "டைம்டு அவுட்" என்றோ "அன்ரீச்சபிள்" என்றோ வந்தால் டிரைவரைத் தொட வேண்டாம். பிழை இன்னும் நெட்வொர்க்கில்தான் இருக்கிறது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் டிரைவரை மூன்று முறை நீக்கி நிறுவிய பாவத்தை நானும் செய்திருக்கிறேன்.

டிரைவர் விஷயத்தில் சற்றுப் பொறுமை வேண்டும். முதலில் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பதைக் கம்ப்யூட்டர் ப்ராப்பர்ட்டீஸில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டார்டர் பதிப்பு 32 பிட் மட்டுமே. பிரிண்டர் நிறுவனத்தின் தளத்தைப் பழைய கணினியிலேயே திறக்க முயல வேண்டாம். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரரில், இன்றைய தளங்கள் கேட்கும் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு முறை இயல்பாக இயக்கப்பட்டிருக்காது என்பதால் பல தளங்கள் அதில் திறப்பதே இல்லை. வேறு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவருவதே வழி. அங்கேயும் நூற்றுக்கணக்கான எம்பி எடையுள்ள முழுத் தொகுப்பை விட்டுவிட்டு, பேசிக் டிரைவர் என்று சிறிதாக இருப்பதை எடுங்கள். முழுத் தொகுப்பு பெரும்பாலும் தானே பிரிண்டரைத் தேடக் கிளம்பும், நாம் வேண்டாம் என்று சொன்ன வேலையே அதுதான்.

விண்டோஸ் 7இல் டிரைவரின் கையொப்பம் செல்லாது என்று மறுப்பு வந்தால், பெரும்பாலும் பிரிண்டர் மீது குற்றமில்லை. 2019க்குப் பின் வந்த பல மென்பொருள்களில் எஸ்ஹெச்ஏ-2 என்ற புதிய வகைக் கையொப்பம் மட்டுமே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள கேபி4474419 என்ற புதுப்பிப்பு கணினியில் இருக்க வேண்டும். அதையும் பென் டிரைவில் கொண்டுவந்து நிறுவலாம்.

உங்கள் மாடலுக்கு விண்டோஸ் 7 டிரைவரே இல்லையென்றால், பிரிண்டரின் விவரக் குறிப்பில் பிசிஎல் அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பொதுவான பிரிண்டர் மொழியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதே நிறுவனத்தின் யுனிவர்சல் டிரைவரின் பழைய பதிப்போ, விண்டோஸின் பட்டியலில் உள்ள பொதுவான ஒன்றோ அடிப்படை அச்சுக்குப் போதும். இல்லையென்றால், பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கணினியிடமே விட்டுவிடும் மலிவு ரகமாக அது இருக்கலாம்; அதற்கு வேறு டிரைவரைக் கொடுத்தால் தாள் தாளாகப் புரியாத குறிகள் வந்து விழும்.

இப்போது இணைப்பு. டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ் திறந்து ஆட் எ பிரிண்டர் அழுத்துங்கள். லோக்கல் பிரிண்டரா, நெட்வொர்க் பிரிண்டரா என்று விண்டோஸ் கேட்கும். இங்கே லோக்கல் பிரிண்டர் என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இது முரணாகத் தோன்றும். ஆனால் நெட்வொர்க் என்ற வழி தேடலுக்கு இட்டுச் செல்கிறது, லோக்கல் என்ற வழியே நாம் முகவரி கொடுக்க இடம் தருகிறது. எக்ஸ்பியில் கீழே உள்ள தானியங்கிக் கண்டறிதலுக்கான டிக் குறியையும் எடுத்துவிட வேண்டும். கிரியேட் எ நியூ போர்ட் என்பதில் ஸ்டாண்டர்ட் டிசிபி ஐபி போர்ட்டைத் தேர்ந்து, முகவரியை எழுதி, பிரிண்டரை விசாரித்து டிரைவரைத் தானே தேர்ந்தெடுக்கும் வரியின் டிக்கை நீக்கிவிடுங்கள். கருவி வகையைக் கேட்டால் ஜெனரிக் நெட்வொர்க் கார்டு என்று விடலாம். கணினி 9100 என்ற போர்ட் வழியாகப் பேசும், பெரும்பாலான நெட்வொர்க் பிரிண்டர்கள் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. பிறகு ஹேவ் டிஸ்க் அழுத்திப் பென் டிரைவில் விரித்து வைத்த டிரைவரைக் காட்டி, சோதனைப் பக்கம் ஒன்றை அச்சிடுங்கள்.

அச்சாகிறது, ஆனாலும் மறுநாள் "ஆஃப்லைன்" என்று சாம்பல் நிறத்தில் நிற்கிறதா? பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பகுதிக்குப் போய், கான்ஃபிகர் போர்ட் அழுத்தி, எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு என்ற வரியின் டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் கேட்கும் நலவிசாரிப்புக்குப் பிரிண்டர் பதில் சொல்லாததால் அதை இறந்ததாகக் கணினி முடிவுகட்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

விண்டோஸுக்குப் பதில் போஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு: உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:631 என்ற முகவரியில் திறக்கும், அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் பக்கத்தில் அதே ஐபி முகவரியைக் கொடுத்துப் பிரிண்டரைச் சேர்க்கலாம்.

டிரைவர் எந்த வகையிலும் கிடைக்கவில்லை என்றால், புதிய கணினியில் பிரிண்டரை வைத்துப் பழையதோடு பகிரலாம் என்று பலர் சொல்வார்கள். நான் அதைத் தவிர்க்கிறேன். பகிர்வுக்கு எக்ஸ்பி பேசும் எஸ்எம்பி 1 என்ற பழைய முறையை விண்டோஸ் 10 தன் 1709 பதிப்பிலிருந்து இயல்பாக நிறுவுவதில்லை. அதைத் திரும்ப இயக்குவது வீட்டின் பின்வாசலைத் திறந்து வைப்பதற்குச் சமம். விண்டோஸ் 7க்கும், 2021இல் வந்த பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பின் 0x0000011பி என்ற பிழை அடிக்கடி குறுக்கிடுகிறது. அதற்குப் பதிலாக, பழைய கணினியில் பிடிஎஃப் உருவாக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவி, கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிப் பென் டிரைவில் எடுத்துச் சென்று, போனிலிருந்தோ புதிய கணினியிலிருந்தோ அச்சிடுங்கள். மூலக் கோப்பை அப்படியே எடுத்துச் சென்றால், பாமினி இல்லாத இடத்தில் அழைப்பிதழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளின் குவியலாகிவிடும். பிடிஎஃப்பில் எழுத்துருவையும் உள்ளே பதித்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. ரவுட்டரின் பேரன்டல் கன்ட்ரோல் அல்லது ஆக்சஸ் கன்ட்ரோல் பகுதியில் பழைய கணினியின் மேக் முகவரியைக் கொடுத்து அதற்கான இணையத்தை மட்டும் மூடிவிடுங்கள். கணினிக்கும் பிரிண்டருக்கும் இடையிலான பேச்சு வீட்டுக்குள்ளேயே நடப்பதால், அச்சு வழக்கம்போல வந்துகொண்டிருக்கும்.