பல வருடம் ஒத்துக்கொண்ட ஹேர் டை திடீரென்று ஒத்துக்காமல் போனால் என்ன செய்வது

பதினொரு வருடம் மாதம் தவறாமல் தலைக்கு டை அடித்தவள் நான். சத்துவாச்சாரியில் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே பார்லர், ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் உட்கார்ந்தால் மதியச் சமையலுக்குள் திரும்பிவிடலாம். கடைசி இரண்டு மூன்று முறை காதுக்குப் பின்னால் லேசாக அரித்தது. வேலூர் வெயிலில் யாருக்குத்தான் அரிக்காது, வேர்க்குருதான் என்று விட்டுவிட்டேன். அப்புறம் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அடித்தபோது, மறுநாள் ராத்திரி நெற்றி ஓரமெல்லாம் தடித்து, முகூர்த்தத்தன்று காலையில் இரண்டு கண்ணும் வீங்கித் திறக்க முடியாமல், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மண்டபத்தில் நின்றேன். ஆல்பத்தில் பார்த்தால் கண் ஆபரேஷன் முடித்து நேராக வந்தவள் மாதிரி இருக்கும்.

உங்களுக்கும் அந்தக் காது அரிப்பு ஆரம்பித்திருந்தால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் பாரா-ஃபினைலீன்டயமைன், சுருக்கமாக பி.பி.டி. நரையைக் கறுப்பாக்கி அப்படியே நிற்க வைப்பது அதுதான். இத்தனை வருடம் வராதது இப்போது எப்படி வரும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், நானும் கேட்டேன். இந்த வகை ஒவ்வாமை அப்படித்தான் வரும்: உடம்பு ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, ஒரு கட்டத்தில் அதை எதிரி என்று குறித்துக்கொள்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் இடங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும், பல வருடம் குரோமியத்தில் கை வைத்தவருக்குத் திடீரென்று ஒரு நாள் கையெல்லாம் வெடித்து அரிக்கும். குறித்துக்கொண்டதை உடம்பு பொதுவாக மறப்பதில்லை. கூடவே, இது அடித்த உடனே தெரியாது, ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை கழித்துத்தான் கிளம்பும், அதனால்தான் பலர் முந்தின நாள் சாப்பிட்ட கத்திரிக்காய் மேல் பழி போடுகிறார்கள்.

அரிப்பு ஆரம்பித்துவிட்டால் முதல் வேலை தலையை வெதுவெதுப்பான நீரில், மென்மையான ஷாம்பு போட்டு, நிறையத் தண்ணீர் விட்டு அலசுவது. அடித்து ஒரு நாள் ஆகியிருந்தாலும் அலசுங்கள். வெந்நீர் வேண்டாம், சீயக்காய் போட்டுத் தேய்க்க வேண்டாம். நீர் வடிகிற இடத்தில் குளிர்ந்த ஈரத்துணி வைத்தால் எரிச்சல் அடங்கும். மஞ்சள், வேப்பிலை அரைத்துப் பூசலாம் என்று வீட்டில் ஒருவராவது சொல்வார்கள், புண்ணான தோலில் எதையும் பூசாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கொடுக்கிற கலவை க்ரீம்களும் வேண்டாம், அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும், கண் ஓரத்தில் தடவுகிற பொருள் இல்லை அது. கண் வீங்கினால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இறுக்கினாலோ யோசிக்காமல் 108.

டை பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பார்லரில் அடித்ததென்றால் போய்க் கேட்டு அட்டையில் உள்ள பொருள் பட்டியலை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பி.பி.டி. என்று நேராகப் போடாமல் 1,4-டையமினோபென்சீன் என்றோ, சி.ஐ. 76060 என்று வெறும் எண்ணாகவோ போட்டிருப்பதும் உண்டு.

அடுத்ததுதான் எல்லோரும் சறுக்குகிற இடம். பிராண்டை மாற்றினால் போதும் என்று நினைப்பார்கள். அம்மோனியா இல்லாதது வாங்குவார்கள். அம்மோனியா வேறு, பி.பி.டி. வேறு, அது இல்லாத டையில் இது தாராளமாக இருக்கலாம். 'ஹெர்பல்' என்ற எழுத்தையும் பச்சை இலைப் படத்தையும் நம்பவே நம்பாதீர்கள். 'கறுப்பு மருதாணி' இன்னும் மோசம். மருதாணி இலையின் நிறம் ஆரஞ்சும் செம்பழுப்பும்தான், அதுவும் மணிக்கணக்கில் வைத்தால்தான் பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் கன்னங்கரேல் என்று பிடிக்கிற கோனில் பெரும்பாலும் பி.பி.டி. கலந்திருக்கும், அதைத்தான் கல்யாணத்திலும் பெருநாளிலும் குழந்தைகள் கையில் போட்டுவிடுகிறோம், அந்தக் குழந்தை வளர்ந்து முதல் முறை டை அடிக்கும்போது முகம் வீங்குவதற்கு அன்றைக்கே விதை போட்டாயிற்று.

புண் முழுதாக ஆறிய பிறகு, எந்தப் பொருள் ஒத்துக்கவில்லை என்று கண்டுபிடிக்கிற பேட்ச் டெஸ்ட் செய்துகொள்வது நல்லது. சி.எம்.சி., கரிகிரி, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை என்று தோல் டாக்டர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, எங்கே செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். முதுகில் சின்னச் சின்னப் பொட்டுகளாக மருந்து ஒட்டுவார்கள், 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், மறுபடி இரண்டு நாள் கழித்து ஒரு முறை பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்கவும் கூடாது, வியர்த்தால் பொட்டு கழன்றுவிடும். ஆகவே நம் ஊரில் சித்திரை, வைகாசியில் இதற்குப் போகாதீர்கள், மார்கழி, தையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், ரிசல்ட் மாறிவிடும். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்லி டை அட்டையில் போட்டிருப்பது இதுவரை ஒன்றும் வராதவர்களுக்கு. ஒரு முறை முகம் வீங்கியவர் வீட்டில் அந்தப் பரிசோதனை செய்யக் கூடாது.

பி.பி.டி. என்று உறுதியானால் பல் டாக்டரிடமும் மற்ற டாக்டர்களிடமும் சொல்லி வையுங்கள், பல் ஈறு மரத்துப்போகத் தடவுகிற பென்சோகெய்ன், சில சல்ஃபா மருந்துகள் இவையும் சிலருக்கு ஒத்துக்காமல் போகலாம். அடர்ந்த சாயம் போட்ட புதுத் துணியைத் துவைத்துவிட்டு உடுத்துங்கள்.

நரையை அப்படியே விட்டுவிடலாம், என் அக்கா விட்டுவிட்டாள், அவளுக்கு அழகாகவே இருக்கிறது. எனக்கு மனசு வரவில்லை. சுத்தமான மருதாணிப் பொடியும் அவுரிப் பொடியும் தனித்தனியாக வாங்கி, இரண்டையும் தனித்தனியாகக் கையில் தடவிச் சோதித்துவிட்டு, இப்போது அதைத்தான் போடுகிறேன். மருதாணியை டீ டிகாக்ஷனில் கரைத்து ராத்திரி வைத்து, காலையில் இரண்டு மணி நேரம் தலையில். வெறும் தண்ணீரில் அலசியதும் அவுரியை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலைக்கு ஏற்றிவிட வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். அதுவும் ஒரு மணி நேரம். அன்றைக்கு ஷாம்பு வேண்டாம். நிறம் முழுதாக ஏற ஒரு நாள், இரண்டு நாள் ஆகும், அதற்குள் காட்பாடி ஸ்டேஷனில் யாரையாவது கூப்பிடப் போக வேண்டி வந்தால் தலையில் துப்பட்டா போட்டுக்கொண்டு போங்கள், நான் அப்படித்தான் போனேன்.