உப்புத் தண்ணீரும் மே வெயிலும் சேரும்போது: மாடிச் செடியைக் காப்பது எப்படி

வட சென்னையில் தண்டையார்பேட்டை, காசிமேடு, எண்ணூர் பக்கம் மொட்டைமாடியில் தக்காளி, மிளகாய் வைத்திருப்பவர்களுக்கு மே மாதத்தில் வரும் சந்தேகம் இது: காலையில்தான் தண்ணீர் ஊற்றினோம், மண்ணும் ஈரமாக இருக்கிறது, 11 மணிக்கே செடி ஏன் துவள்கிறது?

வெயில் ஏறினால் செடி இலைத்துளையைத் திறக்கும். நீராவி போகும், இலை குளிரும். வேரில் உப்பு சேர்ந்தாலோ மண் ஈரமாக இருந்தும் செடி நீரை இழுக்கத் திணறும்; அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடி, அதே துளையை மூடச் சொல்லும். இரண்டும் ஒன்றாக வந்தால் பெரும்பாலும் மூடுவதுதான் ஜெயிக்கும். மூடிய இலை சூடேற, உள்ளே புரதங்கள் உருக்குலையும். அவற்றைச் சரிசெய்ய ஹீட் ஷாக் புரதங்கள் தயாராக வேண்டும். அதே நேரம் வேரில் எஸ்ஓஎஸ்1 என்ற புரதம் சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டு வேலைக்கும் சக்தி வேண்டும், துளை மூடியதால் சர்க்கரை வரவோ குறைவு.

சந்தேகமிருந்தால் 11 மணிக்கு இலையின் அடிப்பக்கத்தைப் புறங்கையில் ஒற்றிப் பாருங்கள். குளுகுளுவென்றிருந்தால் துளை திறந்திருக்கிறது. வெதுவெதுப்பாக இருந்து, இலையோரம் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்புதான். மண் நாறினால் அது வேரழுகல், வைத்தியம் வேறு.

முதலில், கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் போர் தண்ணீரை அளந்துகொள்ளுங்கள். 640 பிபிஎம் என்பது ஏறக்குறைய மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸ் (உப்பை மின்கடத்தலால் அளக்கும் அலகு). மண்ணில் 2.5 டெசிசீமென்ஸ் தாண்டினால் தக்காளி விளைச்சல் சரியும், மிளகாய்க்கு 1.5-லேயே. தொட்டி மண்ணில் உப்பு, ஊற்றும் தண்ணீரைவிடக் கூடவே நிற்கும். போர் தண்ணீர் 1800 பிபிஎம் என்றால் ஏசி தண்ணீரைச் சரிபாதி கலக்குங்கள்; 900 பக்கம் வந்துவிடும். ஆர்ஓ கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், அதில்தான் உப்பெல்லாம் திரண்டிருக்கிறது.

தண்ணீர் காலை 7 மணிக்குள். அடித்துளை வழியே ஊற்றியதில் கால் பங்காவது வடிய வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை தெளிப்பது மிக மோசம்: நீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். பதினைந்து நாளுக்கொரு முறை, 15 லிட்டர் தொட்டிக்கு 15 லிட்டர் நல்ல தண்ணீரை மூன்று தவணையாக விட்டு உப்பைக் கழுவுங்கள். பிறகு 20 கிராம் ஜிப்சம் மேல்மண்ணில் கிளறிவிடலாம். ஜிப்சத்தில் கால்சியம் இருக்கிறது; எஸ்ஓஎஸ்1 அடங்கிய, சோடியத்தைத் தள்ளும் எஸ்ஓஎஸ் அமைப்பை எழுப்பும் சமிக்ஞையே அதுதான். மண்ணில் ஒட்டிய சோடியத்தையும் அது பெயர்க்கும்.

50 சதவீத நிழல் வலை கட்டுங்கள். கட்டிய வலையைத் திடீரென்று பிரிக்காதீர்கள். ஹீட் ஷாக் புரதங்கள் மெல்லப் பழகிய செடியில்தான் கைவசமிருக்கும்; தினமும் ஒரு மணி நேரமாக வெயிலைக் கூட்டுங்கள்.

உரத்தை நிறுத்தி வையுங்கள், யூரியாவும் டிஏபியும் மண்ணின் உப்புச் சுமையைக் கூட்டும். பொட்டாஷ் கட்டாயம் என்றால் குளோரைடு வேண்டாம், சல்பேட் வாங்குங்கள். 'ஸ்ட்ரெஸ் டானிக்' பாட்டில்களில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் வறட்சி மட்டும் இருந்தால் புரோலின் என்ற அமினோ அமிலம் சேரும். வெப்பமும் கூடினால் அதற்குப் பதில் சுக்ரோஸ் என்ற சர்க்கரை சேரும். தனித்தனி மருந்தைக் கூட்டினால் கூட்டுத் தொல்லைக்கு மருந்தாகிவிடாது.

தக்காளிப் பூ உதிர்வதற்கு இவை எதுவும் கைகொடுக்காது. நம் மே மாத இரவுச் சூட்டில் மகரந்தம் சரியாக உருவாகாது. டிசம்பரில் பூக்கும்படி செப்டம்பர், அக்டோபரில் விதையுங்கள்.