லினக்ஸுக்கு மாறுகிறீர்களா? அவசரத்தில் செய்யக்கூடாத தவறுகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, பிராசசர் பழசு என்று கணினி கைவிரிக்கிறது. கோலாலம்பூரின் கணினிக் கடைவளாகமான லோ யாட் பிளாசாவில் புது மடிக்கணினியின் விலையை விசாரித்துவிட்டு வருபவர்களுக்கு அப்போதுதான் விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸ் ஞாபகம் வரும். வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்த எரிச்சலோடு அன்று ராத்திரியே பென்டிரைவைச் செருகி உட்காராதீர்கள்.

நிறுவும்போது 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்று ஒரு தேர்வு வரும். "படமெல்லாம் டி-யில்தானே இருக்கு, சி மட்டும்தானே போகும்" என்று நம்பி அதை அழுத்துபவர்கள் உண்டு. பெரும்பாலான மடிக்கணினிகளில் சி, டி இரண்டுமே ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். அழித்தால் இரண்டும் போகும். முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்ட்டிஸ்க்கில் நகலெடுங்கள். அந்த நகலை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவது பழைய தமிழ்க் கோப்புகளில்தான். கோவில் ஆண்டறிக்கை, சங்கக் கூட்டக் குறிப்பு, பள்ளி இதழ் என்று யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் டிஸ்கி போன்ற குறியாக்கங்களில் தட்டியவை இங்கே ஏராளம். உரிய எழுத்துரு இல்லாமல் அவற்றை லினக்ஸின் அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸில் திறந்தால், ஒரு எழுத்துகூடத் தமிழாகத் தெரியாது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். விண்டோஸ் இருக்கும்போதே என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற எழுத்து மாற்றும் மென்பொருள் ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றி, கூடவே பி.டி.எஃப். பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பிறகு செய்வது இதைவிடச் சிரமம்.

தட்டச்சும் அப்படித்தான். முரசு அஞ்சல் தட்டச்சு மென்பொருளில் பழகிய விரல்களுக்கு முதல் வாரம் கோபம் வரும். லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாக எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிப்பு முறை, பழைய தட்டச்சுப்பொறி அமைப்பு எல்லாம் கிடைக்கும். ஒலிப்பு முறையில் சில எழுத்துகளுக்கு முரசு அஞ்சலில் அழுத்திய விசைகள் பொருந்தாமல் போகலாம். முக்கியமான கடிதம் அனுப்ப வேண்டிய நாளில் இதைப் பரிசோதிக்க வேண்டாம்.

கடைக் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டதா என்று பாருங்கள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் போட்டால் எல்லாம் ஓடிவிடும் என்று யாராவது சொன்னால், நம்பிக் கடையைத் திறக்காதீர்கள். வங்கி, வருமான வரி, பிள்ளைகளின் டெலிமா கல்வித் தளம் எல்லாம் பிரவுசரிலேயே நடக்கின்றன, அவற்றுக்குக் கவலை வேண்டாம்.

லினக்ஸில் பல வகை உண்டு; அதில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடியும், டிஸ்க்கைத் தொடாது. வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, வீட்டிலுள்ள பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று அப்போதே பாருங்கள். சில பழைய கேனன் லேசர் பிரிண்டர்கள் பாடாய்ப் படுத்தும். வைஃபை வரவில்லையென்றால் கைப்பேசியை யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, இணையம் பெற்று, டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். மின்ட் பிடிக்கவில்லையென்று மறுநாள் வேறொன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று தாவுவதும் வேண்டாம். அப்படித் தாவியவர்கள் பலர் கடைசியில் விண்டோஸிலேயே இருக்கிறார்கள்.

இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் எட்டு மணி நேரம் பின்னால் போயிருக்கும். கடிகார பேட்டரி போய்விட்டது என்று பணம் செலவழித்து மாற்றாதீர்கள். கணினியின் உள்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாக வைக்கிறது, விண்டோஸ் அதை மலேசிய நேரமாகப் படிக்கிறது. லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே ஒரு வரிக் கட்டளை போதும்.